வயிறு சொல்வதென்ன: வாசகர் கேள்விகள், டாக்டர் பதில்கள்

போன இதழில் குடல் அழற்சி பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வந்தவை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. நான் பிறந்தது கொழிஞ்சாம்பாறை, கிளினிக் வைத்திருப்பது பொள்ளாச்சி. ஒரு கையில் திருச்சூர் ரிப்போர்ட்டும் இன்னொரு கையில் கோவை ரிப்போர்ட்டுமாக வருபவர்களை நாள் தவறாமல் பார்க்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

டாக்டரம்மா, என் மகனுக்கு 27 வயது. மூன்று வருடமாக அல்சரேடிவ் கொலைட்டிஸ் என்கிற பெருங்குடல் அழற்சி. மெசலமின் மாத்திரை, எனிமா, இரண்டு தடவை ஸ்டீராய்டு எல்லாம் ஆயிற்று. போன மாதம்தான் கொலோனோஸ்கோபி செய்தார்கள். இப்போது எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். குடலை ஏற்கெனவே பார்த்தாயிற்றே, மறுபடியும் எதற்கு? வயிற்றின் மேலே ஸ்கேன் எடுத்தால் போதாதா? – ஒரு தாய், வேலந்தாவளம்

அம்மா, கொலோனோஸ்கோபியில் டாக்டர் பார்த்தது குடலின் உள்சவ்வை மட்டும்தான். சிவந்திருக்கிறதா, புண் இருக்கிறதா, தொட்டால் ரத்தம் வருகிறதா என்பதெல்லாம் அதில் நன்றாகத் தெரியும். அந்தச் சவ்வுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. உங்கள் ஊரில் தென்னையில் சிவப்புக் கூன்வண்டு விழுந்ததா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? மட்டை பச்சையாக இருக்கும்போதே தண்டில் காதை வைத்துக் கேட்பார்கள். உள்ளே புழு அரிக்கிற சத்தம் வரும். இந்த ஸ்கேனும் சத்தத்தை வைத்து உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கிற வேலைதான். எண்டோஸ்கோப் குழாயின் நுனியில் ஒரு சின்ன அல்ட்ராசவுண்ட் கருவி இருக்கும். நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை அது படமாக்கும்.

குடல் சுவர் மொத்தமே 2 முதல் 3 மில்லிமீட்டர் கனம்தான். அதற்குள் இந்தக் கருவி ஐந்து வரிகளைப் பிரித்துக் காட்டும்: வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. முதல் இரண்டும் உள்சவ்வு. நடுவில் உள்ள வெள்ளை, சவ்வுக்கு அடியில் இருக்கும் மெத்தை போன்ற அடுக்கு. அடுத்த கறுப்பு தசை. கடைசி வெள்ளை குடலின் வெளி உறை.

அல்சரேடிவ் கொலைட்டிஸ் பெரும்பாலும் முதல் இரண்டு வரிகளோடு நின்றுவிடும், ரொம்பக் கடுமையானால் மூன்றாவதையும் பிடிக்கும். குடல் அழற்சியில் இன்னொரு வகையான குரோன்ஸ் நோயின் சுபாவம் வேறு. அது சுவரை முழுக்கத் துளைத்துப் போகும். மூன்றாவது வரி தடித்துவிடும், சில சமயம் எந்த வரி எங்கே முடிகிறது என்றே தெரியாமல் எல்லாம் கலங்கிப் போயிருக்கும்.

உங்கள் மகன் விஷயத்தில் ஏன் இப்போது என்று கேட்டால், என் ஊகம் இது. மூன்று வருடம், இரண்டு தடவை ஸ்டீராய்டு. அடுத்து இன்ஃப்ளிக்சிமாப் மாதிரி ஊசி மருந்து, அதற்கும் கேட்காவிட்டால் பெருங்குடலையே எடுக்கிற ஆபரேஷன் வரை பேச்சு வரலாம். அல்சரேடிவ் கொலைட்டிஸ் என்றால் பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை ஒரு பை மாதிரி தைத்து ஆசனவாயோடு இணைக்கலாம். இருப்பது குரோன்ஸ் என்றால் அந்தப் பை கெட்டுப்போகிற வாய்ப்பு கூடுதல். அவ்வளவு பெரிய முடிவுக்கு முன்னால் இது எந்த நோய் என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது. அதற்காக எழுதியிருந்தால், சரியான காரணம்தான்.

நோய் எவ்வளவு தீவிரம் என்று அளக்க மட்டும் என்றால் நான் இதை எழுத மாட்டேன். தீவிரத்தைச் சொல்லப் பழைய வழிகள் போதும், அடுத்த பதிலில் சொல்கிறேன். ஆகவே அந்த டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் இப்படி வந்தால் மருந்து எப்படி மாறும், அப்படி வந்தால் எப்படி மாறும்?" நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். பதில் தெளிவாக வந்தால் செய்துகொள்ளுங்கள். "எதற்கும் பார்த்து வைப்போம்" என்று வந்தால் யோசியுங்கள்.

இதற்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுவர் தடித்திருக்கிறது என்று காட்டும், ஏன் தடித்தது என்று சொல்லாது. கிருமித் தொற்றிலும் தடிக்கும், காசநோயிலும் தடிக்கும், புற்றுநோயிலும் தடிக்கும். சதை எடுத்துப் பார்க்கிற பயாப்ஸியின் இடத்தை இது பிடிக்க முடியாது. அப்புறம், இந்தக் குழாய் சாதாரணக் குழாயைவிட விறைப்பானது, பார்வையும் சாய்வாக இருக்கும். அதனால் மலக்குடலிலும் அதற்கு அடுத்த வளைவிலும்தான் வேலை சுலபம். அதற்கு மேலே போக, கொலோனோஸ்கோப் வழியாகவே நுழைகிற மெல்லிய கம்பி மாதிரியான கருவி உண்டு, எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது.

வயிற்றின் மேலே வைத்து எடுக்கிற ஸ்கேனும் குடலுக்கு நல்ல ஸ்கேன்தான், அதைக் குறைவாக நினைக்காதீர்கள். பேதி மருந்து வேண்டாம், மயக்கம் வேண்டாம், மருந்து வேலை செய்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ளலாம். பெருங்குடல் சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் அழற்சி என்று சந்தேகப்படுவோம். ஆனால் மலக்குடல் இடுப்பெலும்புக்குள்ளே ஆழத்தில் கிடக்கிறது, மேலிருந்து சரியாகத் தெரியாது. ஒலியின் அதிர்வெண் கூடக் கூடப் படம் நுணுக்கமாகும், ஆழம் குறையும். வெளியிலிருந்து எடுக்கும்போது ஆழம் வேண்டும் என்பதற்காக நுணுக்கத்தை விட்டுக்கொடுக்கிறோம். உள்ளிருந்து எடுத்தால் சுவர் பக்கத்திலேயே இருக்கிறது, விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இன்னொன்று, கல்லீரல், பித்தப்பை, கிட்னி பார்க்கிற வழக்கமான ஸ்கேனில் 'குடல் நார்மல்' என்று போட்டிருந்தால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். குடலைப் பார்ப்பதற்கென்று பழகிய கை வேண்டும்.

செய்யும் முறைக்குப் பயப்பட வேண்டாம். மலக்குடல் மட்டும் என்றால் பெரும்பாலும் எனிமா போதும், லிட்டர் கணக்கில் பேதி மருந்து குடிக்க வேண்டியிருக்காது. இடது பக்கமாகப் படுக்க வைத்து, லேசாக மயக்க ஊசி போட்டு, குடலுக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். காற்று இருந்தால் ஒலி போகாது, அதற்குத்தான் தண்ணீர். 1980 வாக்கில் இந்தக் கருவியை முதன்முதலில் குழாயில் பொருத்தியதற்கும் காற்றுதான் காரணம். கணையத்தை மறைத்துக்கொண்டிருந்த வாயுவைத் தாண்டி இரைப்பைக்குள்ளிருந்தே பார்க்க வேண்டியிருந்தது. குடல் அழற்சிக்கு இது பின்னால் வந்து சேர்ந்த உபயோகம்.

என் மனைவியின் கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டில் 'மேயோ 3' என்று இருக்கிறது. கூகுளில் பார்த்தால் அதுதான் கடைசி நிலை என்று வருகிறது. ஆனால் அவள் தினமும் நாலு தடவைதான் போகிறாள், ரத்தம் கொஞ்சம் படுகிறது, தையல் வேலைக்கும் போகிறாள். நிஜமாகவே அவ்வளவு மோசமா? – மீனாட்சிபுரம்

கடைசி நிலை என்பது புற்றுநோய்க்காரர்கள் பேசுகிற பேச்சு, இங்கே அதற்கு வேலை இல்லை. மேயோ எண் 0 முதல் 3 வரை போகும். சவ்வு நன்றாக இருந்தால் 0. லேசாகச் சிவந்து, ரத்த நாளங்கள் மங்கியிருந்தால் 1. நன்றாகச் சிவந்து, நாளங்களே தெரியாமல், மேலோட்டமாகப் புண் பட்டிருந்தால் 2. தொடாமலேயே ரத்தம் கசிந்து, புண் ஆழமாக இருந்தால் 3. இது குடல் சவ்வுக்குப் போட்ட மார்க்.

மனுஷிக்கு மார்க் போடுகிற கணக்கு வேறு. 1955இல் ஆக்ஸ்போர்டில் ட்ருலவ், விட்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் வகுத்தது, இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஒரு நாளைக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போக வேண்டும். கூடவே இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும்: நாடி 90க்கு மேல், காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸுக்கு மேல், ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ், ரத்தத்தில் அழற்சியைக் காட்டுகிற ஈஎஸ்ஆர் 30க்கு மேல். இப்படி இருந்தால் கடுமையான தாக்குதல், அன்றைக்கே அட்மிட் ஆக வேண்டும். நாடி பார்க்க ஒரு கடிகாரம் போதும், மீதிக்கு ஒரு தெர்மாமீட்டரும் சாதாரண ரத்தப் பரிசோதனையும். எழுபது வருடமாகியும் இதை ஓரங்கட்டுகிற மாதிரி ஒரு மெஷின் வரவில்லை என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் உண்டு.

உங்கள் மனைவி இந்தக் கணக்கில் வரவில்லை. அதற்காக மேயோ 3ஐ மடித்து பீரோவில் வைத்துவிடாதீர்கள். ஆழமான புண் உள்ளவர்களுக்கு, இன்று நன்றாக இருந்தாலும், பின்னால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதும் ஆபரேஷன் வரை போவதும் அதிகம். நம் பெண்கள் விஷயத்தில் இன்னொன்றையும் பார்க்கிறேன். வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காகவே காலையில் சாப்பிடாமல் போவார்கள், அப்புறம் "நாலு தடவைதான்" என்பார்கள். இரவில் எழுந்து போகிறாரா, பஸ்ஸில் ஏறும் முன் பயப்படுகிறாரா, எடை குறைந்திருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். மலத்தில் கால்புரோடெக்டின் என்ற பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். 50க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 250க்கு மேலே என்றால் உள்ளே அழற்சி நடக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அடிக்கடி ஸ்கோப் போட வேண்டியதில்லை, இதை வைத்தே பெருமளவு ஓட்டலாம்.

ஆறு தடவைக் கணக்கு வந்துவிட்டால் என்ன நடக்கும் என்றும் சொல்லி வைக்கிறேன், பயமுறுத்த இல்லை. அப்போது முழுக் கொலோனோஸ்கோபி செய்ய மாட்டார்கள், வீங்கிய குடல் ஓட்டையாகிவிடலாம். கொஞ்ச தூரம் மட்டும் விட்டுப் பார்த்து, பயாப்ஸி எடுத்து, வயிற்றுக்கு ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். கிருமித் தொற்றா, அமீபாவா என்று மலத்தைப் பரிசோதிப்பார்கள். நரம்பு வழியாக ஸ்டீராய்டு போட்டு மூன்றாம் நாள் கணக்குப் பார்ப்பார்கள். குறையவில்லை என்றால் அடுத்த மருந்து, அல்லது சர்ஜனைக் கூப்பிடுவார்கள். கூடவே ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசியும் போடுவார்கள். "ரத்தம் போகிற ஆளுக்கு ரத்தத்தை இளக்குகிற ஊசியா" என்று உறவினர்கள் நர்ஸோடு சண்டைக்கு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அழற்சி கடுமையாக இருக்கும்போது கால் நரம்பில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகிற ஆபத்து அதிகம், அதற்குத்தான் அந்த ஊசி. சண்டை போடாதீர்கள்.

ஆசனவாய்ப் பக்கத்தில் சீழ் கட்டி, பவுத்திரம் என்று சொல்லி ஒரு இடத்தில் ஆபரேஷன் செய்தார்கள். திரும்ப வந்தது. இன்னொரு இடத்தில் கார நூல் கட்டினார்கள். மூன்றாவதாக வேறொரு ஓட்டை வந்த பிறகுதான் குரோன்ஸ் நோய் என்கிறார்கள். எம்ஆர்ஐ எடுக்கவா, ஆசனவாய் வழி அல்ட்ராசவுண்ட் எடுக்கவா? – 34 வயது, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

நீங்கள் பட்ட பாட்டை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நம் பக்கத்தில் ஆசனவாயில் எது வந்தாலும் மூலம், எல்லை தாண்டினால் அதையே மலையாளத்தில் அர்சஸ் என்பார்கள், அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. ஒரு பவுத்திரம் திரும்பத் திரும்ப வந்தாலோ, பல ஓட்டைகள் இருந்தாலோ, கூடவே வயிற்றுவலி, எடைக்குறைவு, வயிற்றிளக்கம் இருந்தாலோ குடலையும் பார்த்தே ஆக வேண்டும்.

எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டுக்குக் குடல் அழற்சியில் அசைக்க முடியாத இடம் ஒன்று உண்டு என்றால் அது உங்கள் பிரச்சினைதான். சீழ்ப் பாதை எந்தத் தசையைத் தாண்டிப் போகிறது, உள்ளே எங்கே திறக்கிறது, இன்னொரு கிளை ஒளிந்திருக்கிறதா, சீழ்க்கட்டி இருக்கிறதா என்று அது காட்டும். வெளி ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் நுரைத்து, பாதை வெள்ளைக் கோடாகத் தெரியும். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் செய்து 2001இல் வெளியான ஆய்வு ஒன்றில், குரோன்ஸ் பவுத்திரம் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட 34 பேரை மூன்று விதமாகவும் பார்த்தார்கள். அல்ட்ராசவுண்ட் 91 சதவீதம் சரி, எம்ஆர்ஐ 87 சதவீதம், மயக்கம் கொடுத்து சர்ஜன் கையால் பார்த்தது 91 சதவீதம். எந்த இரண்டைச் சேர்த்தாலும் 100. சின்ன ஆய்வுதான், ஆனால் இதுவா அதுவா என்ற சண்டையை அது தீர்த்து வைத்தது.

ஆகவே உங்களுக்கு என் பதில்: எம்ஆர்ஐயும் எடுங்கள், சர்ஜன் மயக்கத்தில் பார்க்கவும் சம்மதியுங்கள். ஆசனவாய் வழி ஸ்கேனில் பழகியவர் உங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தால் எம்ஆர்ஐக்குப் பதில் அதுவும் சரி. வலி தாங்க முடியாத அளவு சீழ் இருந்தால் எம்ஆர்ஐதான் சுலபம், உள்ளே எதையும் விட வேண்டியதில்லை.

சீழை வடித்து, பாதை அடைபடாமல் இருக்கத் தளர்வாக ஒரு நூல் போடுவார்கள், சீட்டன் என்பார்கள். இது உங்களுக்கு முன்பு கட்டிய கார நூல் அல்ல. கார நூல் கொஞ்சம் கொஞ்சமாகத் தசையை அறுக்கும். குரோன்ஸ் உள்ளவருக்குத் தசையை அறுத்தால் மலத்தை அடக்க முடியாமல் போகலாம். சீட்டன் எதையும் அறுக்காது, சீழ் வெளியேற வழி வைத்திருக்கும், அவ்வளவுதான். அதோடு மருந்தும் ஓட வேண்டும். வெளி ஓட்டை மூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டு நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். வெளியே மூடி உள்ளே பாதை அப்படியே இருப்பது சகஜம், ஸ்கேனில் பார்த்துத்தான் நூலை எடுப்பார்கள்.

சிறுகுடல் முடிகிற இடத்தில் புண். ஒரு டாக்டர் டிபி என்கிறார், இன்னொருவர் குரோன்ஸ் என்கிறார். டிபி மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. இந்த எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டில் எது என்று தெரிந்துவிடுமா? – ஏலத்தோட்டத் தொழிலாளி, குமுளி

தெரியாது தம்பி. அந்த இடம் இந்தக் குழாய்க்கு எட்டுவது கஷ்டம், எட்டினாலும் இரண்டு நோயும் ஒரே மாதிரி தடிக்கும். நம் நாட்டில் இது எங்களுக்கே தலைவலி பிடித்த கேள்வி, ஒரு டாக்டர் மாற்றிச் சொன்னார் என்பதற்காக அவரைத் திட்டாதீர்கள். பயாப்ஸியில் டிபி கிருமி கிடைத்தால் முடிந்தது, பல பேருக்குக் கிடைப்பதில்லை. அப்போது டிபி மருந்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலோனோஸ்கோபி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. நீங்கள் சரியாக அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள். 'இப்போது வலி குறைந்துவிட்டது' என்பதை மட்டும் நம்ப வேண்டாம், ஸ்கோப்பில் புண் ஆறியிருக்க வேண்டும். ஆறியிருந்தால் டிபி, ஆறு மாதக் கோர்ஸை முடியுங்கள். ஆறவில்லை என்றால் குரோன்ஸ் பக்கம் திரும்பலாம், மருந்து கேட்காத டிபியா என்றும் பார்ப்பார்கள். அதுவரை யார் கொடுத்தாலும் ஸ்டீராய்டு வேண்டாம். டிபி உள்ளே இருக்கும்போது ஸ்டீராய்டு போட்டால் அது உடம்பு முழுக்கப் பரவும்.

பழைய சோறு, கள், மட்டை அரிசி, மிளகாய். இதில் எதையெல்லாம் விட வேண்டும்? – கோபாலபுரம்

கள்ளை விடுங்கள், நம் சித்தூர்க் கள் என்றாலும். மற்றதை மொத்தமாக விலக்கச் சொல்ல ஆதாரம் இல்லை. ரத்தம் போகிற நாட்களில் மட்டை அரிசியை விட்டு வெள்ளரிசிக் கஞ்சி, தோல் நீக்கிய பருப்பு என்று இருங்கள். அடங்கிய பிறகு பழைய சோறு உங்களுக்கு ஒத்துக்கொண்டால் சாப்பிடுங்கள். குடல் சுருங்கியிருக்கிறது என்று சொல்லியிருந்தால் மட்டும் நார் அதிகமுள்ளதைத் தவிருங்கள். சாப்பாட்டைவிட நான் பயப்படுவது மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்குகிற வலி மாத்திரைக்கு. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் இரண்டும் அடங்கியிருந்த குடல் அழற்சியைக் கிளப்பிவிடும். பீடி, சிகரெட் குரோன்ஸை மோசமாக்கும்.

குழாய் விட்டு அடிக்கடி பார்த்தால் கேன்சர் வரும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். – நடுப்புணி

வராது. அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சே இல்லை. பெருங்குடல் அழற்சி ஆரம்பித்து 8 வருடம் ஆனவர்கள் கேன்சர் வந்திருக்கிறதா என்று பார்க்கவே கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்கு இதையும் சொல்லுங்கள்.

திருச்சூரில் எல்லா டெஸ்ட்டும் எடுத்தோம். கோவையில் காட்டினால் மறுபடி முதலிலிருந்து எடுக்கச் சொல்கிறார்கள். காசு பறிக்கவா? – ஒரு கணவர், வண்ணாமடை

சில சமயம் இருக்கலாம், எல்லா சமயமும் இல்லை. நீங்கள் கொண்டு போனது காகிதம் மட்டும்தானே? 'அழற்சி உள்ளது' என்று ஒரு வரி எழுதிய பயாப்ஸி ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு யாரும் பெரிய மருந்து ஆரம்பிக்க மாட்டார்கள். பயாப்ஸி எடுத்த ஆஸ்பத்திரியின் லேபில் எழுதிக் கொடுத்து, கண்ணாடி ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் கேளுங்கள். சதை அந்த மெழுகில்தான் பதிந்திருக்கும், அதிலிருந்து புதிதாக ஸ்லைடு வெட்டிக்கொள்ளலாம், திரும்பச் சதை எடுக்க வேண்டியதில்லை. கொலோனோஸ்கோபி, ஸ்கேன் படங்களை சிடியிலோ பென்டிரைவிலோ வாங்குங்கள். எந்த மருந்து, எந்த மாதம், எத்தனை மில்லிகிராம் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள், தமிழிலேயே எழுதலாம். உங்கள் இன்ஷூரன்ஸ் அட்டை எந்த மாநிலத்துடையது என்பதை அட்மிஷனுக்கு முன்பே கவுன்டரில் சொல்லிவிடுங்கள், பில் வந்த பிறகு சொல்லிப் பயனில்லை. ஸ்லைடைக் கடுதாசியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். லேபில் கேட்டால் அதற்கென்று பிளாஸ்டிக் டப்பா தருவார்கள்.